கூப்பிட்டால் வராத சீனி, பாண்காரர் வந்தால் மட்டும் பறக்கிறாள்

கடற்கரை ஒழுங்கை எழுதியது:

எங்கள் வீட்டில் ஒரு ஊர் நாய் இருக்கிறாள், பெயர் சீனி, வயது 14 மாதம். போன வருடம் மழைக்குள் வாய்க்கால் ஓரமாக நடுங்கிக்கொண்டு கிடந்தவளைத் தங்கச்சி தூக்கிக்கொண்டு வந்தாள். இருக்கச் சொன்னால் இருப்பாள், கை கொடுப்பாள், கேற்றைத் திறந்தால்கூட நான் சொல்லும்வரை நிற்பாள். வெளியே கயிற்றைக் கழற்றினால் மட்டும் நான் யாரோ, அவள் யாரோ.

நாங்கள் இருப்பது கொழும்பு வெள்ளவத்தை, மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில். கடற்கரைக்குப் போவதென்றால் ரெயில் பாதையைக் கடக்க வேண்டும், தெரியும்தானே. போன ஞாயிறு காலை 6 மணிக்கு மணலில் கழற்றி விட்டேன். பத்து நிமிடம் நன்றாக விளையாடினாள். போகலாம் என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள், வாலை ஆட்டினாள், அப்புறம் ஒரு காகத்துக்குப் பின்னால் பாறாங்கல்லில் ஏறிவிட்டாள். கல்லுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். தெஹிவளைப் பக்கமிருந்து ஹோர்ன் சத்தம். நான் "சீனி! சீனி!" என்று கத்திக்கொண்டு ஓட, அவள் அதை ஓடிப்பிடிக்கிற விளையாட்டு என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினாள். ரெயில் போகும்போது கல்லின் மேலேயே நின்றுவிட்டாள், அதனால் தப்பினாள். பிறகு தானாகவே இறங்கி என்னிடம் வந்தாள். வந்த ஆத்திரத்தில் முதுகில் ஒன்று போட்டுவிட்டேன். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சாயந்தரம் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வருகிற சூன் பாண் ஓட்டோவின் பீத்தோவன் மெட்டு காலி வீதிப் பக்கம் கேட்டாலே போதும். மொட்டை மாடியில் நித்திரையாக இருந்தாலும் இரண்டு மாடி இறங்கிக் கேற்றடியில் நிற்பாள். அவருக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையா? விசில் ஒன்று வாங்கினால் சரிவருமா?

மூன்று நாய் வீடு எழுதியது:

தம்பி, முதலில் அந்த அடியைப் பற்றிக் கதைப்போம். காகத்துக்குப் பின்னால் ஓடியதற்கு என்று நினைத்து நீங்கள் அடித்தீர்கள். சீனியின் கணக்கில் அது உங்களிடம் வந்ததற்கு விழுந்த அடி. கடைசியாகச் செய்ததற்குத்தான் கிடைத்தது என்று நாய் எடுத்துக்கொள்ளும். அரை மணி நேரம் அலைக்கழித்துவிட்டு வந்தாலும், வந்தவளுக்குப் பரிசுதான். பல்லைக் கடித்துக்கொண்டாவது கொடுங்கள்.

பாண்காரர் ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் வீட்டில் யாரோ அவளுக்குப் பணிஸ் துண்டு போடுகிறார்கள், சரியா? அந்த மெட்டு அவளை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. இனி "சீனி, வா" என்ற சத்தத்துக்குப் பின்னால் ஒரு நாளில் என்னென்ன வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். குளிப்பாட்டு, காது துடைப்பு, உண்ணி பிடுங்கல், கடற்கரையிலிருந்து வீடு. நானாக இருந்தாலும் வரமாட்டேன்.

அந்தச் சொல் கெட்டுப்போய்விட்டது, விட்டுவிடுங்கள். புதுச் சொல் ஒன்று எடுங்கள், அதை மற்ற எதற்கும் பாவிக்காதீர்கள். விசிலும் நல்லதுதான், கோபத்தில் ஊதினாலும் அதே சத்தம்தான் வரும். ஆனால் வீட்டில் மறந்துவிட்டுப் போகிற நாளில்தான் அது தேவைப்படும்.

இன்னொன்று, மீன் வைத்த மாலு பணிஸ் கொடுக்காதீர்கள். உள்ளே வெங்காயம் இருக்கிறது, நாயின் இரத்தத்துக்கு அது கூடாது. உப்புப் போடாமல் அவித்த கோழி இறைச்சியைச் சின்ன விரல் நகமளவு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மூன்றும் நெத்தலிக் கருவாட்டுக்கு உயிரையே விடும். சுடுதண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

பழைய ஆள் எழுதியது:

எங்கள் அப்பா காலத்தில் கோழியும் இல்லை, நெத்தலியும் இல்லை. ஒரு அதட்டல், நாய் காலடியில் கிடக்கும். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீர்கள்.

மூன்று நாய் வீடு எழுதியது:

அண்ணா, அந்த நாய் வளவுக்குள்ளேயே கிடந்தது, பயந்தும் கிடந்தது. தண்டவாளத்தில் நிற்கிற நாய்க்குப் பயம் காட்டினால் அது எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

கல்கிசை மாமி எழுதியது:

மேலே சொன்னது சரி. நான் கயிற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன், என் கையில் தழும்பு இருக்கிறது.

ஹாட்வெயார் கடையில் பத்து மீற்றர் கயிறு வாங்குங்கள். கழுத்துப்பட்டியில் கட்டாமல், நெஞ்சைச் சுற்றிப் போடுகிற ஹார்னஸில் கொழுவுங்கள். பாய்ந்து ஓடி முடிவில் இழுபட்டால் கழுத்து என்னத்துக்கு ஆகும்? கையில் சுற்றாதீர்கள், நைலோன் கயிறு தோலை உரித்துவிடும். நிலத்தில் இழுபட விட்டு, தேவைப்பட்டால் காலால் மிதித்து நிறுத்துங்கள். கயிற்றை இழுத்து அவளைக் கொண்டுவருவதல்ல நோக்கம், ஓடிப்போகாமல் இருந்தால் போதும்.

முதல் கிழமை வீட்டுக்குள்ளேயே. அறையிலிருந்து அறைக்கு, ஒரு நாளைக்குப் பத்துத் தரம். அப்புறம் மொட்டை மாடி, அப்புறம் ஆளில்லாத நேரத்தில் ஒழுங்கை. சொல்லை ஒரு தரம்தான் சொல்ல வேண்டும். வராவிட்டால் திருப்பித் திருப்பிக் கத்தாமல் குந்தி இருங்கள், அல்லது எதிர்ப்பக்கம் ஓடுங்கள். துரத்தினால் ஓடுகிறவள், நீங்கள் ஓடினால் துரத்துவாள். வந்ததும் ஒரு கையால் பட்டியைப் பிடித்து, பிடித்தபடியே மற்றக் கையால் தின்னக் கொடுங்கள். இல்லாவிட்டால் இறைச்சியைக் கவ்விக்கொண்டு எட்டப் போகப் பழகிவிடும், என்னுடைய கடுவன் நாய் அப்படித்தான்.

கடற்கரையில் பத்துத் தரம் கூப்பிட்டால் ஒன்பது தரம் தின்னக் கொடுத்துத் திரும்ப விளையாட விடுங்கள். கூப்பிட்டாலே விளையாட்டு முடிந்தது என்று அவள் நினைக்கக்கூடாது.

கடற்கரை ஒழுங்கை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் விசாரித்தேன். நான் "வா", அம்மா "இஞ்ச வாடி", தங்கச்சி "கம் பேபி", மேல் மாடி அங்கிள் சிங்களத்தில் "மெஹெ எண்ட". நான்கு பேர், நான்கு சொல். பாண் மெட்டையே விசிலடித்துப் பழக்கலாமா?

மூன்று நாய் வீடு எழுதியது:

வேண்டாம், வேண்டாம்! ஓட்டோக்காரர் காலி வீதியில் நின்று உங்கள் நாயைக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

கடற்கரை ஒழுங்கை எழுதியது (ஆறு கிழமைக்குப் பிறகு):

சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "சூன்" என்ற சொல்லை எடுத்தோம். நாங்கள் எப்போதும் "பாண்காரர்" என்றுதான் சொல்வோம், அதனால் "சூன்" தனியாக வீட்டில் யார் வாயிலும் வராது. நீட்டிக் கத்தினால் அலைச் சத்தத்துக்கு மேலேயும் கேட்கிறது. அம்மாவுக்கு மட்டும் வெட்கம், மெதுவாகத்தான் சொல்கிறா, சீனிக்கு அதுவும் போதும்.

மூன்றாம் கிழமை கல்கிசையில் நண்பன் வீட்டு வளவில், மதிலுக்குள், கயிறில்லாமல் விட்டோம். இருபது தரத்தில் பதினெட்டுத் தரம் வந்தாள். மற்ற இரண்டும் கீரிப்பிள்ளை. போன சனி கடற்கரையில் ஒரு கருவாட்டுத் தலையை மோப்பம் பிடித்தபோது கூப்பிட்டேன், காது மட்டும் அசைந்தது, ஆள் அசையவில்லை. கயிற்றை மிதித்தேன். ரெயில் பாதைப் பக்கம் இப்போதும் கயிறு இல்லாமல் விடுவதில்லை, இனியும் விடமாட்டேன்.

ஒரு பிரச்சினை மட்டும். நேற்றுக் காலை ஒழுங்கையில் "சூஊன்!" என்று கத்தினேன். சீனி வந்து பட்டியை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் எதிர் வீட்டு ஆச்சியும் பையோடு இறங்கி வந்து, "எங்க தம்பி ஓட்டோ?" என்று கேட்டா.