மறு: டிரான்சியன்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்சுற்றில் சுவிட்சைப் போட்டதும் அல்லது துண்டித்ததும், பழைய நிலையிலிருந்து புதிய நிலைக்குப் போய்ச் சேரும்வரை இடையில் நடக்கும் மாற்றம்தான் டிரான்சியன்ட். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நிலையற்ற, கணநேர, மாறுநிலை, தேய்நிலை என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. பாலிடெக்னிக்கில் மின்சுற்றுப் பாடம் நடத்துகிறவன் என்பதால் நான்கையும் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். நான்குமே எங்கோ ஓரிடத்தில் இடறுகின்றன. அதனால் ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: நிலைபெயர்வு.

முதலில் 'நிலையற்ற'. போன வாரம் வகுப்பில் ஒரு சின்னச் செய்முறை. 12 வோல்ட் பேட்டரி, 10 கிலோ ஓம் மின்தடை, 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, ஒரு சுவிட்ச். தடையையும் தேக்குதிறனையும் பெருக்கினால் 10 விநாடி வரும். அதுதான் நேர மாறிலி, மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதைக் காட்டும் அளவு. தேக்கியின் இரு கால்களில் மல்டிமீட்டரை வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டோம். ஒருவன் கடிகாரத்தைப் பார்த்து விநாடி சொல்ல, இன்னொருவன் அளவை வாசித்தான். 10 விநாடியில் 7.6 வோல்ட்டை ஒட்டி வந்தது. 20-இல் 10.4, 30-இல் 11.4. 50 விநாடி ஆனபோது 12-ஐத் தொட்டும் தொடாமலும் நின்றது. அப்போது ஒரு மாணவன் கேட்டான்: "சார், நோட்ஸ்ல நிலையற்றதுன்னு போட்டிருக்கு. இது இவ்வளவு ஒழுங்கா ஏறுதே, இதுல எது நிலையில்லாம இருக்கு?"

நியாயமான கேள்வி. பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே திருப்பித் தருவது) தவறாகக் கொடுத்த பெருக்கி தறிகெட்டு அலைகிறதே, அதற்குத்தான் 'நிலையற்ற' என்ற சொல் வேண்டும். தடையும் தேக்கியும் மட்டும் உள்ள சுற்று அப்படித் தறிகெட்டுப் போகவே போகாது. நிலையாக அடங்குகிற ஒன்றுக்கு நிலையற்றது என்று பெயர் வைத்தால், பாடத்தைப் பெயரே கெடுத்துவிடும்.

'கணநேர' சரிவராது. மாறுதிசை மின்னோட்டத்தின் கணநேர மதிப்பு என்று பள்ளியிலேயே படித்துவிட்டு வருகிறார்கள். அது ஒரு குறிப்பிட்ட நொடியில் உள்ள அளவு. 50 விநாடி நீளும் ஒன்றுக்கு அந்தப் பெயர் பொருந்துமா?

'மாறுநிலை'யில் இன்னும் பெரிய சிக்கல். மாறுநிலைக் கோணம், மாறுநிலை வெப்பநிலை என்று அது 'கிரிட்டிகல்' என்ற வேறு பொருளில் ஊறிப்போன சொல். இயற்பியலில்தானே என்று விட்டுவிடவும் முடியாது. தடை, தூண்டி (கம்பிச் சுருள்), தேக்கி மூன்றும் தொடராக உள்ள சுற்றில், தடை ஒரு குறிப்பிட்ட அளவில் இருந்தால் அலைவே எழாமல் மிக விரைவில் அடங்கும். அதுதான் மாறுநிலைத் தணிப்பு. 'மாறுநிலைத் தணிப்பில் மாறுநிலை மின்னோட்டம்' என்று எழுதிப் பாருங்கள், எழுதியவருக்கே குழம்பும்.

'தேய்நிலை' அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன செய்முறையில் மின்னோட்டம் தேயும்போதே தேக்கியின் மின்னழுத்தம் வளர்கிறது. கணக்கில் வரும் அடுக்குக்குறிக் கூறு தேய்கிறது என்பது உண்மை. அதைத் 'தேயும் கூறு' என்று சொல்லிக்கொள்ளலாம். நடக்கும் முழு நிகழ்வுக்கு அது போதாது.

மூலச் சொல்லையும் பார்ப்போம். பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் 1853-இல் லெய்டன் சாடி என்ற பழைய கால மின்தேக்கியின் மின்னிறக்கத்தை ஆராய்ந்து எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே டிரான்சியன்ட் என்ற சொல் இருக்கிறது. லத்தீன் வேரில் அதற்குக் கடந்து செல்லுதல் என்றுதான் பொருள். நிலையில்லாமை என்ற பொருள் அதில் இல்லை.

நிகழ்வின் காரணமும் அதையே சொல்கிறது. சுவிட்ச் நொடியில் சுற்றை மாற்றிவிடும். ஆனால் தேக்கியின் மின்னழுத்தம் சட்டென்று தாவாது, தாவ வேண்டுமானால் முடிவிலி மின்னோட்டம் வேண்டும். தூண்டியின் மின்னோட்டமும் அப்படியே, தாவ முடிவிலி மின்னழுத்தம் வேண்டும். சேர்த்துவைத்த ஆற்றலைக் கூட்டவோ குறைக்கவோ நேரம் பிடிக்கிறது. அதனால் சுற்று பழைய நிலையை விட்டுக் கிளம்பி, வழி நடந்து, புதிய நிலைக்குப் போய்ச் சேர்கிறது. தமிழில் 'பெயர்தல்' இதைத்தான் சொல்கிறது. புலம்பெயர்தல் என்றால் கிளம்பியது, பயணம், போய்ச் சேர்ந்தது எல்லாம் அதில் அடக்கம். இடப்பெயர்ச்சி மாணவர்களுக்கு முன்பே பழகிய சொல், அதன் பக்கத்தில் நிலைபெயர்வு அந்நியமாக நிற்காது. 'நிலைமாற்றம்' எளிதுதானே என்று கேட்கலாம். பனிக்கட்டி நீராவதற்கு அதைக் கொடுத்துவிட்டோம்.

வினைத்தொகையாகவும் நன்றாக வருகிறது: நிலைபெயர் மின்னோட்டம், நிலைபெயர் காலம், நிலைபெயர் துலங்கல் (ரெஸ்பான்ஸ்). எதிரிணைக்கு 'நிலைகொள்' இருக்கிறது. நிலைபெயர் காலம் முடிந்ததும் ஓடுவது நிலைகொள் மின்னோட்டம்.

ரிலேயில், அதாவது சுருளின் காந்தத்தால் இயங்கும் சுவிட்சில், சோதித்தேன். 12 வோல்ட், 400 ஓம் சுருளில் 30 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. சுவிட்சைத் துண்டித்தால் அந்த 30 சட்டென்று சுழியாக மறுத்து, சுவிட்சின் முனைகளில் பொறியாகப் பாயும். சுருளுக்கு இணையாக டையோடு போட்டால் மின்னோட்டம் அதன் வழியே சுற்றிவந்து அடங்கும். 'டையோடு நிலைபெயர் மின்னோட்டத்துக்கு வழிவிடுகிறது' என்றேன், வகுப்பில் விளக்கம் தேவைப்படவில்லை. லெய்டன் சாடி போல அலைந்து அடங்கும் சுற்றுக்கும் பொருந்துகிறது: 'அலைவுறு நிலைபெயர்வு'. மின்னலால் கம்பியில் வரும் திடீர் எழுச்சியையும் சிலர் டிரான்சியன்ட் என்கிறார்கள். அதற்கு இந்தச் சொல்லை நீட்ட வேண்டாம், மின்னெழுச்சி என்று தனியாக வைத்துக்கொள்வோம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். சுவிட்சைச் சாவி என்பதா, இலங்கை வழக்கில் ஆளி என்பதா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஆனால் சுவிட்சைத் 'திற', 'மூடு' என்று மட்டும் எழுதாதீர்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். சுவிட்சைத் திறந்தால் மின்சாரம் நின்றுவிடும். முதல் நாளே பாதி வகுப்பு தலைகீழாகப் புரிந்துகொள்கிறது. 'இணைத்ததும்', 'துண்டித்ததும்' என்று எழுதுங்கள். நிலைபெயர்வுக் கணக்கு முழுவதும் துண்டிப்பதற்குச் சற்று முன், துண்டித்த உடனே என்ற இரண்டு நொடிகளை வைத்துத்தான் நடக்கிறது. எது துண்டிப்பு என்பதிலேயே ஐயம் வந்தால் முதல் வரியிலிருந்தே விடை தவறாகிவிடும்.