புதுப்பிப்பு: ஜாப்ளின் ஒத்திசைவுச் சிக்கல் தீர்ந்தது

ஜாப்ளின் என்ற குறிப்பெடுக்கும் ஆப்பில் எழுத்துக் குறிப்புகள் மட்டும் சர்வருடன் ஒத்திசைந்து, போட்டோ வைத்தவை பாதியில் நிற்கின்றன என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? குறிப்புகள் போய்ச் சேரும் நெக்ஸ்ட்கிளவுட் (கோப்புகளைச் சேமிக்கும் மென்பொருள்) என் சொந்த சர்வரில்தான், அதன் முன்னால் வருவதை வாங்கி உள்ளே அனுப்பும் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ்.

கடவுச்சொல்லை மாற்றச் சொன்னார்கள் சிலர். அதில் கோளாறு என்றால் 401 என்ற பிழை எண் (உள்நுழைவு ஏற்கப்படவில்லை) வந்திருக்கும். லாகில் (சர்வரின் பதிவில்) இருந்ததோ 413, அதாவது அனுப்பும் கோப்பு பெரிது. என்ஜின்எக்ஸ் தானாக அனுமதிப்பது 1 எம்பிதான். இப்போதைய போன் கேமராவுக்கு அது எந்த மூலைக்கு? என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பில் ‘கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்’ (client_max_body_size) வரியில் 64 எம்பி என்று போட்டு ரீலோட் செய்தேன். அப்புறம் மறுபடி ஒத்திசைக்க, தேங்கிக் கிடந்த படங்கள் வரிசையாக ஏறின.

ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் ஜெக்ஸ் கோப்பாக (ஜாப்ளினின் சொந்தக் காப்பு வடிவம்) எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். சர்வருக்குப் போகாத குறிப்பு அந்த போனில் மட்டும்தான் இருக்கும்.