இராஜதந்திர வெற்றி: 18 புள்ளிவரை வந்தும் கைநழுவிப் போகிறது

கானாடுகாத்தான் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாடுகளை வளர்த்து ஆளும் சிவிலைசேஷன் 6 என்ற கணினி ஆட்டத்தை, 2019இல் வந்த கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்துடன் ஆடி வருகிறேன். படையாலும் அறிவியலாலும் பலமுறை வென்றிருக்கிறேன். பிறர் நகரம் ஒன்றைக்கூடப் பிடிக்காமல், பேச்சாலும் வாக்காலும் மட்டுமே வெல்ல வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. அதற்காகவே இம்முறை வில்ஃப்ரிட் லாரியேயின் கனடாவை எடுத்துக்கொண்டேன். கனடாவின் மீது யாரும் திடீர்ப் போர் அறிவிக்க முடியாது; கனடாவும் அப்படி அறிவிக்க முடியாது. இந்த ஆசைக்கு இதைவிடப் பொருத்தமான நாடு இல்லை என்று நினைத்தேன்.

மகாபோதி ஆலயத்தையும் பொட்டாலா அரண்மனையையும் கட்டி முடித்து, பெரும்பாலான நகர அரசுகளையும் (ஒரே நகரம் கொண்ட சிறு நாடுகள்) என் பக்கம் சேர்த்து 18 இராஜதந்திர வெற்றிப் புள்ளிவரை வந்துவிட்டேன். வெற்றிக்கு வேண்டியவை 20. ஆனால் எல்லா நாட்டுத் தலைவர்களும் தீர்மானங்கள் மீது வாக்களிக்கும் உலக மன்றம் கூடும்போதெல்லாம், ஒரு தலைவருக்கு 2 புள்ளி கூட்டவோ குறைக்கவோ செய்யும் தீர்மானம் வருகிறது. எல்லோரும் ஒன்றுசேர்ந்து என் புள்ளியைக் குறைக்கிறார்கள். சென்ற முறை 450 ஃபேவர் (கூடுதல் வாக்குகளை வாங்க உதவும் இராஜதந்திரச் செல்வாக்கு) செலவழித்து எனக்கு நானே 10 வாக்குப் போட்டும் தோற்றேன். மற்ற தீர்மானங்களில் கிடைத்ததைச் சேர்த்தும், இரண்டு கூட்டங்களில் 18 என்பது 16 ஆகிவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு இன்னும் 12 சுற்றுகள் உள்ளன. கையில் ஏறக்குறைய 460 ஃபேவர் இருக்கிறது. ஐயா வீட்டு முகப்பில் உட்கார்ந்து இரவு இரண்டு மணிவரை கணக்குப் போட்டுப் பார்த்தும் வழி தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லித் தர வேண்டுகிறேன்.

பள்ளத்தூர் பழைய ஆட்டக்காரர் எழுதியது:

தம்பி, உங்கள் ஆட்டம் தோற்கவில்லை. வாக்கைப் போட்ட இடம்தான் தவறு. நானும் பல மாதங்கள் இதே இடத்தில் நின்றவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வெற்றிக்கு அருகில் நிற்பவரின் புள்ளியைக் குறைப்பதையே கணினி இயக்கும் தலைவர்கள் எப்போதும் செய்வார்கள். நட்பு நாடு என்றோ கூட்டணி என்றோ அவர்கள் அப்போது பார்ப்பதில்லை. அத்தனை பேரையும் எதிர்த்து ஒரே தீர்மானத்தில் ஃபேவரைக் கொட்டுவது ஆற்று வெள்ளத்துக்கு எதிரே மணல் அணை கட்டுவதைப் போன்றது. முதல் வாக்கு இலவசம், அடுத்ததற்கு 10, அதற்கடுத்ததற்கு 20 என்று விலை ஏறிக்கொண்டே போவதால், 10 வாக்குக்கு 450 கொடுத்துவிட்டு மற்ற தீர்மானங்களுக்கு வெறுங்கையுடன் நின்றிருப்பீர்கள்.

எந்தத் தீர்மானத்திலும் வென்ற முடிவையும் அதன் இலக்கையும் (அது யார் மீது அல்லது எதன் மீது என்பதையும்) சரியாகத் தேர்ந்தெடுத்தவருக்கு 1 புள்ளி கிடைக்கும் என்பதை மறந்துவிட வேண்டாம். எனவே, குறைக்கப்போவது நிச்சயம் என்று தெரிந்தால், நீங்களும் உங்கள் பெயருக்கு எதிராகவே வாக்களியுங்கள். அதற்கு இலவச வாக்கு ஒன்றே போதும். 2 போகும், 1 வரும். இழப்பு 1 மட்டுமே. மிச்சம் பிடித்த ஃபேவரை மற்ற இரண்டு தீர்மானங்களில் இறக்குங்கள். அவற்றில் எதிரிகளின் வாக்குகள் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் 5 வாக்குப் போட 100 வீதம் 200 ஃபேவர் ஆகும். இரண்டும் உங்கள் விருப்பப்படி முடிந்தால் 2 புள்ளி. ஆக, உங்கள் புள்ளியைக் குறைக்கும் கூட்டத்துக்கு 16உடன் போய் 17உடன் திரும்பி வருவீர்கள். முதன்முதலாக எனக்கு எதிராக நானே வாக்குப் போட்டபோது கை தயங்கியது உண்மை. ஆனால் கணக்கு பிசகவில்லை.

அடுத்தது இதைவிட முக்கியமானது. கடைசிப் புள்ளிகளை மன்றத்துக்கு உள்ளே தேடக் கூடாது. சுதந்திர தேவி சிலையைக் கட்டி முடித்த சுற்றிலேயே 4 புள்ளிகள் சேரும். அதை யாரும் வாக்குப் போட்டுத் தடுக்க முடியாது. நீங்கள் குறிப்பிட்ட அதிசயங்களில் (உலகில் ஒருவர் மட்டுமே கட்டக்கூடிய பெருங்கட்டடங்களில்) அந்தச் சிலை இல்லை. வேறு யாரும் கட்டிவிடவில்லை என்றால் இன்றே தொடங்குங்கள். துறைமுக வட்டாரத்தை ஒட்டிய கரையோரக் கடல் கட்டம் அதற்கு வேண்டும். காடு நிறைந்த நகரமாகப் பார்த்து மேக்னஸ் என்பவரை ஆளுநராக அமர்த்துங்கள்; அவர் பொறுப்பேற்க 5 சுற்றுகள் ஆகும். அதன்பிறகு காட்டை வெட்டினால் வழக்கத்தைவிடப் பாதி மடங்கு கூடுதலாக, சிலையை விரைந்து முடிக்க உதவும் உற்பத்தி கிடைக்கும்.

தேவகோட்டை மருமகள் எழுதியது:

மேலே அண்ணன் சொன்னதோடு, ஃபேவரை எங்கிருந்து சேர்ப்பது என்பதைப் பற்றி நான் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் அப்பத்தா ஒரு மொய் நோட்டு வைத்திருந்தார்கள். சிவப்பு அட்டை, ஓரமெல்லாம் கறையான் அரித்தது. எந்த வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பினாலும், சேலை கட்டுவதற்கு முன்பே அந்த நோட்டைப் பிரித்து, அந்த வீட்டார் நமக்கு எப்போது எவ்வளவு எழுதினார்கள் என்று விரலை வைத்துத் தேடுவார்கள். வாங்கியதற்குக் குறையாமலும், திருப்பிச் செய்ய அவர்கள் திணறும் அளவுக்கு மிகாமலும் எழுதுவார்கள். இந்த ஆட்டத்தின் ஃபேவரை நான் அந்த நோட்டை நினைத்துத்தான் விளங்கிக்கொண்டேன். நகர அரசுகளுக்குத் தூதர்களை அனுப்பி அவற்றின் தலைமையைப் பெறுவதும், கூட்டணியை முறியவிடாமல் காப்பதும் சுற்றுக்குச் சுற்று சிறுகச் சிறுகச் சேர்க்கும் வரவு. பிறருடைய தலைநகரைப் பிடித்து வைத்திருப்பதும், பிற்காலத்தில் நிலக்கரியையும் எண்ணெயையும் அளவின்றி எரிப்பதும் அந்த வரவை அரித்துவிடும்.

பலர் செய்யத் தவறும் ஒன்றும் உண்டு. மன்றம் கூடுவதற்கு முன்பு, மற்ற தலைவர்களிடமிருந்து தங்கம் கொடுத்து ஃபேவரை வாங்கிவிடலாம். உங்கள் இருப்பு கூடுகிறது என்பதைவிட, உங்களுக்கு எதிராகக் கூடுதல் வாக்குப் போட அவர்களிடம் எதுவும் மிஞ்சாது என்பதே இதில் பெரிய பயன். 12 சுற்று அவகாசம் இதற்குத் தாராளம்.

இயற்கைச் சீற்றத்தில் சிக்கிய நாட்டுக்கு உதவும் போட்டி வந்தால் விட்டுவிட வேண்டாம். அதில் முதலிடம் பெறுபவருக்கும் வெற்றிப் புள்ளி உண்டு.  தங்கத்தை முதலிலேயே கொடுத்துவிடாமல், மற்றவர்கள் கொடுத்து ஓய்ந்தபின் இறுதிச் சுற்றுகளில் கொடுப்பது என் வழக்கம்.

காரைக்குடி கழனிவாசல் எழுதியது:

இவை எல்லாம் கணினியோடு ஆடுவதற்கு மிகச் சரியான வழிகள். மனிதர்களோடு ஆடும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொப்புடையம்மன் திருவிழாவுக்கு வந்த பங்காளிகள் நால்வர் ஒரே மடிக்கணினியில் மாறி மாறி ஆடினோம். என் தங்கையின் நகரத்தை வெள்ளம் அழித்தபோது, பதிலுக்கு எதுவும் கேட்காமல் நான் தங்கம் அனுப்பினேன். இரண்டு கூட்டங்கள் கழித்து, மற்ற இருவரும் என் புள்ளியைக் குறைக்க முனைந்த நேரத்தில், அவள் தன் கையிலிருந்த ஃபேவர் முழுவதையும் எனக்காகப் போட்டாள். கணினித் தலைவர் ஒருவரும் இதுவரை எனக்கு அப்படிச் செய்ததில்லை.

கானாடுகாத்தான் வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு ஆட்டம் முடிந்தது; நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சிலையை யாரும் கட்டியிருக்கவில்லை. கிழக்குக் கரையில் இருந்த என் சிறிய நகரத்தில் துறைமுகத்தை முதலில் முடித்து, மேக்னஸை அங்கே மாற்றினேன். கூட்டத்துக்கு இரண்டு சுற்றுகள் முன்பு, அதிகம் சேர்த்து வைத்திருந்த இரு தலைவர்களிடம் ஃபேவரை வாங்கினேன். ஒருவர் நான் எதிர்பார்த்ததைவிட மலிவாகவே விற்றார். கூட்டத்தில் எனக்கு எதிராக ஒரு வாக்கும், மற்ற இரண்டு தீர்மானங்களில் ஐந்தைந்து வாக்குகளும் போட்டேன். இரண்டுமே பலித்து 17 ஆனது. 18இலிருந்து இறங்கத் தொடங்கிய பிறகு புள்ளி கூடியது அதுவே முதல் முறை.

அதன்பின் மூன்று காடுகளை அடுத்தடுத்து வெட்டினேன். மன்றம் மறுபடியும் கூட 19 சுற்றுகள் இருந்தபோது சிலை எழுந்தது. 17 என்பது 21 ஆகி வெற்றித் திரை வந்தது. ஆட்டம் முழுவதிலும் நான் ஒரு போரும் அறிவிக்கவில்லை. அடுத்த முறை காரைக்குடி அண்ணன் சொன்னபடி என் தம்பி தங்கைகளோடு ஆடிப் பார்க்கப் போகிறேன். நால்வர் ஆடுவதற்கு எந்த அளவு வரைபடம் பொருந்தும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

காரைக்குடி கழனிவாசல் எழுதியது:

சிறிய வரைபடமே போதும் தம்பி. நகர அரசுகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டி வையுங்கள். இல்லையென்றால் முதலில் தூதர் அனுப்புபவரே எல்லாவற்றையும் வளைத்துக்கொள்வார்.