புதுப்பிப்பு: அல்சாஸ் வைன் பாதையில் சைக்கிள்

பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் திராட்சைத் தோட்ட ஊர்கள் வழியே போகும் வைன் பாதையைச் சாதாரண கியர் சைக்கிளில் ஓட்ட முடியுமா, மின் சைக்கிள்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தேன் இல்லையா, போய் வந்தாச்சு. சாதாரண சைக்கிளே போதும்.

1953-ல் திறந்த இந்தப் பாதை மொத்தம் சுமார் 170 கிலோமீட்டர். நாங்கள் ரிபோவில்லேயிலிருந்து தெற்கே எகிசைம் வரை மட்டும்தான் ஓட்டினோம். கார் சாலையை விட்டுவிட்டு, தோட்டங்களுக்கு நடுவே போகும் டிராக்டர் வழியைப் பிடியுங்கள். ஏற்றங்கள் நீளமில்லை, ஆனால் ஊருக்குள் நுழையும் இடத்தில் சட்டென்று செங்குத்தாகிவிடும், கடைசி கியர் வரை இறங்கித்தான் மிதிக்க வேண்டும்.

வழியில் வரும் உனவீர் கிராமத்தில் கண்டிப்பாக நில்லுங்கள். கோட்டை மதில் சூழ்ந்த தேவாலயம், மதிலுக்கு வெளியே உடனே திராட்சைக் கொடி, கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் ஒரே கோயிலைப் பகிர்ந்துகொள்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். ரிக்வீரில் 1291-ல் கட்டிய டோல்டர் கோபுரம் அழகு, ஆனால் பத்து மணிக்குமேல் கூட்டம், கீழே உருளைக்கல் தெரு வேறு, மெல்லிய டயர் என்றால் உருட்டிக்கொண்டே போங்கள்.

மழைக்கோட்டு வேண்டுமா என்று கேட்டவருக்கு: மேற்கிலிருந்து வரும் மேகங்களை வோஜ் மலை தடுத்துவிடுவதால் இந்தப் பகுதியில் உள்ள கோல்மார் நகரத்துப் பக்கம் மழை குறைவு. அதைவிட வெயிலுக்குத் தயாராகப் போங்கள், கொடி வரிசைகளுக்கு நடுவே நிழலே கிடையாது, தண்ணீர் கூடுதலாக வேண்டும்.

அப்புறம், வடக்கே ஒபெர்னே பக்கம் ஓட்டியவர்கள் இருந்தால் ஏற்றம் எப்படி என்று சொல்லுங்கள், அடுத்து அங்கேதான்.