பழைய ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பைத் "தடைசெய்யப்பட்ட பொருள்" என்று நீக்கிவிட்டார்கள், என்ன செய்வது?

நுண்துளி:
வணக்கம் நண்பர்களே. நன்றாக வேலை செய்யும் பழைய ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப் (வலுவான ஒளி பாய்ச்சி, மாதிரியை ஒளிரவைத்துப் பார்க்கும் நுண்ணோக்கி) ஒன்றை ஆன்லைன் சந்தைத் தளத்தில் விற்பனைக்குப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் "தடைசெய்யப்பட்ட பொருள்" என்று தூக்கிவிட்டார்கள். எந்த விதி என்று ஒரு வரி இல்லை. முறையிட்டால் அதே வாசகம்தான் திரும்ப வருகிறது. மருத்துவக் கருவி என்று நினைத்துவிட்டார்களோ என்று, "மருத்துவ ஆய்வு" என்ற சொற்களை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். அதுவும் போயிற்று. இன்னொரு தடவை மீறினால் கணக்கை முடக்குவோம் என்று எச்சரிக்கை வேறு.

இதற்கு முன்பு அங்கேயே ஒரு சாதாரண மைக்ராஸ்கோப் விற்றேன். வாங்கியவர் "40எக்ஸில் (40 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில்) ஃபோகஸ் ஆகவில்லை" என்று புகார் செய்தார். "திருப்பி எடுக்கப்படாது" என்று தெளிவாகப் போட்டிருந்தும் பணத்தை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். கருவி திரும்பி வந்ததும் பார்த்தேன், 40எக்ஸ் கண்ணாடி போல் தெளிவாக இருந்தது. நேர்மையாக விற்பவர் யாரிடம் போய்ச் சொல்வது? இதைப் பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை. படிக்கிறவர்கள் கையில் சேர வேண்டும்.

ஒளிப்பாதை:
உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் காரணம் தெரியாமல் மூன்றாவது முறை போடாதீர்கள், கணக்கு போய்விடும். விளக்கு என்ன வகை? படங்களில் அது தெரிகிறதா?

நுண்துளி:
எச்பிஓ 100. பிரிக்காத உதிரி பல்ப் ஒன்றும் சேர்த்துத் தருகிறேன். அதன் பெட்டியும் ஒரு படத்தில் இருக்கிறது.

ஒளிப்பாதை:
அப்படியானால் பெரும்பாலும் அதுதான். எச்பிஓ என்பது பாதரச ஆவி விளக்கு. பல தளங்களின் தடைப் பட்டியலில் பாதரசம் இருக்கிறது. விமானச் சரக்கிலும் அது ஆபத்தான பொருள்தான். பாதரசம் அலுமினியத்தை அரித்துவிடும் என்பதால் விமானக்காரர்கள் அதில் ரொம்பக் கவனமாக இருப்பார்கள். ஆக, விதியில் அர்த்தம் இருக்கிறது. "விளக்கை எடுத்துவிட்டுப் போடுங்கள்" என்று ஒரே வாக்கியம் சொல்லாமல் மொத்தக் கருவியையும் நீக்குவதுதான் அநியாயம்.

மாட்டியிருக்கும் பல்பையும் உதிரியையும் எடுத்துவிடுங்கள். அந்தப் படத்தை நீக்குங்கள். "விளக்கு இல்லாமல் விற்கப்படுகிறது" என்று மட்டும் எழுதுங்கள், "பாதரசம்" என்ற சொல்லே வேண்டாம். "பாதரசம் இல்லை" என்று எழுதினால்கூடத் தானியங்கி வடிகட்டி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். வாங்குபவர் எல்ஈடி ஒளிமூலம் பொருத்திக்கொள்ளலாம், இப்போது பலரும் அதைத்தான் விரும்புகிறார்கள்.

மேடைஅளவு:
திரும்பி வந்த கருவியைப் பற்றி நான் சொல்கிறேன், எனக்கும் இதே வயிற்றெரிச்சல் உண்டு. 4எக்ஸ், 10எக்ஸ் தெளிவாகத் தெரிந்து 40எக்ஸ் மட்டும் ஃபோகஸ் ஆகவில்லை என்றால், அநேகமாக ஸ்லைடைத் தலைகீழாக வைத்திருப்பார். சாதாரண 40எக்ஸ் அப்ஜெக்டிவ் (மாதிரிக்குப் பக்கத்தில் இருக்கும் லென்ஸ்) மாதிரிக்கு அரை மில்லிமீட்டர் அளவுக்கு நெருங்கி வர வேண்டும். ஸ்லைடின் கண்ணாடியோ சுமார் 1 மி.மீ. தடிமன். மாதிரியை மூடும் மெல்லிய கவர் கிளாஸ் கீழே போய்விட்டால் லென்ஸ் எட்டாது. அதற்குக் கருவி என்ன செய்யும்?

தளத்தில் புகாரைப் பார்ப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிவது உங்கள் விளம்பரமும் வாங்கியவரின் புகாரும்தான். அதனால் ஆதாரத்தை விளம்பரத்திலேயே வைத்துவிடுங்கள். ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் (அளவுகோல் பொறித்த ஸ்லைடு) இருந்தால், 1 மி.மீ. நீளத்தில் 100 பிரிவுகள் இருக்குமே, அதை ஒவ்வொரு அப்ஜெக்டிவ் வழியாகவும் படம் எடுத்துப் போடுங்கள். சீரியல் எண், அப்ஜெக்டிவ் மேல் பொறித்திருக்கும் எழுத்து, இரண்டும் படிக்கிற மாதிரி இருக்கட்டும். "160/0.17" என்று (160 மி.மீ. குழாய் நீளம், 0.17 மி.மீ. கவர் கிளாஸ்) இருப்பதை, வேறு ஒளியமைப்பு கொண்ட, முடிவிலிக் குறி (∞) போட்ட உடலில் மாட்டிவிட்டு, படம் சரியில்லை என்பவர்களும் உண்டு. எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று எழுதிவிடுங்கள். லென்ஸில் பூஞ்சை இருந்தால் அதையும் மறைக்காமல் காட்டுங்கள்.

"திருப்பி எடுக்கப்படாது" என்பதை நம்பாதீர்கள். மனம் மாறித் திருப்புகிறவரை மட்டும்தான் அது தடுக்கும். "சொன்னபடி இல்லை" என்று ஒருவர் எழுதிவிட்டால் அங்கே அதற்கு மதிப்பே கிடையாது.

நுண்துளி:
ஒளிப்பாதை, நீங்கள் சொன்னபடி மாற்றிப் போட்டேன், விளம்பரம் நிற்கிறது! மேடைஅளவு, படங்களைப் பார்த்துவிட்டு ஒரு மாணவர் எந்த ஃபில்டர் பிளாக் (தேவையான நிற ஒளியை மட்டும் விடும் பகுதி) இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். இப்படி விவரம் தெரிந்து கேட்கும் ஆள் வந்ததே பெரிய சந்தோஷம். இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எடுத்த பல்புகளை என்ன செய்வது? குப்பையில் போடக் கூடாதுதானே?

ஒளிப்பாதை:
கூடவே கூடாது. பயன்படுத்திய பல்பை, விளக்கு முழுவதும் ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும். எரியும்போது உள்ளே அழுத்தம் மிக அதிகம், சூட்டோடு திறந்தால் வெடிக்கலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். அதன் அட்டைப் பெட்டியிலேயே வைத்து, டியூப் லைட் போன்றவற்றை வாங்கும் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள். உதிரி பல்ப் புதிதுதானே, எச்பிஓ பயன்படுத்தும் ஆய்வகம் பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், நேரில் கொடுத்துவிடலாம்.

மேடைஅளவு:
அனுப்பும்போது ஐபீஸ், அப்ஜெக்டிவ், ஃபில்டர் பிளாக் எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்றுங்கள். ஸ்டேஜ் ஆடாதபடி கட்டிவிட்டு, பெட்டிக்குள் பெட்டியாக வையுங்கள். பேக் செய்வதையும் சீரியல் எண் தெரிய வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.