விபத்து முனையைச் சரிசெய்ய அலைந்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

கூட்ரோட்டுக்காரன்:

எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டம், நான்குவழிச் சாலையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே. ஊர் ரோடு பிரிகிற இடத்தைக் கூட்ரோடு என்போம். பால் சொசைட்டியும் ரேஷன் கடையும் இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். நடுவில் வண்டிகள் நூறில் போகும்.

2021 கார்த்திகை மாதம், விடிகாலை ஐந்தரை மணி. என் பெரியப்பா டி.வி.எஸ். 50-இல் இரண்டு பால் கேனைக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது பால் தார் ரோட்டில் ஓடி ஓரத்து மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. கேன் ஒன்றின் மூடியைக் காணவில்லை. அப்புறம் மணிலா (நிலக்கடலை) விதைக்க ஏர் ஓட்டும்போது பக்கத்துக் கொல்லையில் கிடைத்தது.

அன்றைக்கே சாலை மறியல். அதிகாரிகள் வந்தார்கள், பேசினார்கள். இரண்டாம் நாள் நகைக்கடை விளம்பரத்தோடு நான்கு பேரிகார்டு வந்தது. மார்கழிப் பனியில் ஒரு பைக் அந்த பேரிகார்டிலேயே மோதி, ஓட்டி வந்த பையனுக்குத் தாடை உடைந்தது. எங்கள் மறியலால் கிடைத்த பலன் அதுதான்.

ஆட்சியர் அலுவலகத்தில் மனு எழுதித் தரும் பெரியவர்தான் வழி சொன்னார். "சோகத்தை எழுதாதப்பா, எண்ணை எழுது." தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்தில், மூன்று காலண்டர் ஆண்டுகளில், சாவு அல்லது கொடுங்காயம் ஏற்பட்ட 5 விபத்துகள் நடந்திருக்க வேண்டும், அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது கணக்குப்படி 'பிளாக் ஸ்பாட்'. அந்தப் பட்டியலில் ஏறினால்தான் பெரிய செலவைப் பற்றிப் பேசவே முடியும்.

சரியென்று பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. போட்டேன். பதில் வந்தபோதுதான் விஷயமே புரிந்தது. எங்கள் கூட்ரோடு இரண்டு காவல் நிலையங்களின் எல்லையில் இருக்கிறது. ஒரு நிலையத்தில் 4 விபத்து, இன்னொன்றில் 3. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் 5-ஐத் தொடவில்லை. சேர்த்தால் 7. சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை. அதற்கும் மேலே, இடத்தின் பெயர். ஒரு எஃப்.ஐ.ஆரில் 'கூட்ரோடு அருகே', இன்னொன்றில் 'பெட்ரோல் பங்க் எதிரில்'. ஒன்றில் வெறுமனே 'சென்னை – திருச்சி சாலையில்' என்று இருந்தது. முந்நூறு கிலோமீட்டர் ரோட்டில் எங்கே என்று தேடுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பெரியப்பா மகனும் கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாக நட்டிருக்கும் சின்னக் கல்களை எண்ணிக்கொண்டு நடந்தோம். பார்த்தவர்களைக் கேட்டுக் கேட்டு ஏழு இடங்களையும் ஒரு தாளில் குறித்தோம். எல்லாம் 400 மீட்டருக்குள் அடங்கிவிட்டது. அந்தத் தாளைத் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தோம். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் எடுத்தார்கள், கூட்டாய்வுக்கும் வந்தார்கள். நான்கு மாதத்தில் மஞ்சள் பிளிங்கர் (விட்டுவிட்டு எரியும் எச்சரிக்கை விளக்கு), ரோட்டில் பட்டைப் பட்டையாக ரம்பிள் ஸ்ட்ரிப், ஒளிரும் ஸ்டட் எல்லாம் வந்தன. சென்டர் மீடியனில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து எதிரே வரும் வண்டியை மறைத்துக்கொண்டிருந்த அரளியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினார்கள். என்னைக் கேட்டால் அந்த வெட்டுதான் பெரிய உதவி. அதற்கு ஆன செலவு இரண்டு ஆள் கூலி.

நாங்கள் கேட்ட அண்டர்பாஸ் (ரோட்டுக்கு அடியில் கடக்கும் வழி) இன்னும் 'மதிப்பீட்டில்' இருக்கிறது. உங்கள் ஊரில் எப்படி நடந்தது? யார் பணம் கொடுத்தார்கள்?

ஓய்வுபெற்ற ஏ.இ.:

தம்பி, நீங்கள் கொடுத்த அந்தத் தாள் எங்கள் காலத்தில் கிடைத்திருந்தால் நாங்கள் கும்பிட்டிருப்போம். நான் மாநில நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளராக (ஏ.இ.) இருந்தவன். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

எங்களுக்கு வேலை இரண்டு வகை. கோடு, பலகை, ஸ்டட், செடி வெட்டுவது எல்லாம் குறுகிய கால நடவடிக்கை. பராமரிப்புப் பணத்திலேயே முடித்துவிடலாம். வளைவை நேராக்குவது, நிலம் எடுப்பது, பாலம் போன்றவை நீண்ட காலம். அதற்கு மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப அனுமதி, அப்புறம் டெண்டர். ஒவ்வொரு மேசையிலும் கோப்பு தூங்கும். இது போக, வசூலாகும் அபராதப் பணத்திலிருந்து அரசு ஒதுக்கும் சாலைப் பாதுகாப்பு நிதி தனியாக உண்டு. அதற்கு மாவட்டத்திலிருந்து முன்மொழிவு போக வேண்டும். கேட்காத மாவட்டத்தைத் தேடி வந்து யாரும் கொடுக்க மாட்டார்கள். மார்ச் மாதத்தில் திடீரென்று ரோடெல்லாம் வெள்ளைக் கோடு போட்டால், யாரிடமோ பணம் மிச்சமிருந்தது என்று அர்த்தம்.

நான் இன்னும் மறக்காத ஒன்று. ஒரு வளைவில் வருடத்துக்கு இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். வளைவு சரியாகத்தான் இருந்தது. ரோட்டை அகலப்படுத்தியபோது ஓரத்தில் நின்ற மின்கம்பம் தாருக்குள் வந்துவிட்டது. கம்பத்தைத் தள்ளி நட வேண்டிய பணத்தை மூல மதிப்பீட்டில் சேர்க்காதது எங்கள் தப்பு. பிறகு தனியாக அனுமதி வாங்கிப் பணம் கட்டி முடிக்க 14 மாதம் ஆனது. அதற்குள் இன்னொருவர் போய்விட்டார். கம்பத்தில் வரிவரியாகக் கறுப்பு மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருந்தோம், வேறென்ன செய்ய.

2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-ஏ என்று ஒரு பிரிவு வந்தது. தரக் கட்டுப்பாட்டை மீறிச் சாலை போட்டு அதனால் சாவோ ஊனமோ ஏற்பட்டால், ஒப்பந்ததாரரும் ஆலோசகரும் பொறுப்பு அதிகாரியும் ஒரு லட்சம் வரை அபராதம் கட்ட வேண்டும். மனுவில் அந்த எண்ணைக் குறிப்பிட்டுப் பாருங்கள். கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும்.

இன்னொன்று. மறியல் செய்து வேகத்தடை வாங்காதீர்கள். முறைப்படியான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், வண்டி வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும். மறியலுக்கு மறுநாள் ராத்திரி மிச்சத் தாரைக் கொட்டிப் போடுவது வேகத்தடை இல்லை, திண்டு.

பத்துச் சக்கரம்:

ஏ.இ. ஐயா சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். நான் 22 வருசமாக லாரி ஓட்டுகிறேன். தொப்பூர் கணவாய் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது இறக்கம். பாளையம் டோல் தாண்டியதும் ஆரம்பித்துவிடும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் சின்ன வயசில் விட்டிருக்கிறேன். பாதி இறக்கத்தில் பிரேக் லைனர் கருகும் வாடை கேபினுக்குள் வரும். பெடல் மெத்து மெத்தென்று அமுங்கும். அந்த நேரத்தில் '30 கி.மீ.க்கு மேல் செல்லாதீர்' என்ற பலகை எத்தனை இருந்து என்ன? படிக்கிற நிலையில் இருப்பது கிளீனர் மட்டும்தான்.

இரட்டைப் பாலத்துக்கு முன்னால் எத்தனையோ வைத்துப் பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் சொன்னார்கள், கேமரா வைத்தார்கள், போலீஸ் நின்றது. கொஞ்சம் குறையும், ஆள் போனதும் பழையபடி. சாய்வும் வளைவும் ஒன்றாக இருக்கிற இடத்தில் ஓட்டுநருக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை, ரோட்டைத்தான் மாற்ற வேண்டும். இப்போது மேம்பாலச் சாலைத் திட்டம் வந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான கோடி என்கிறார்கள். கூட்ரோட்டுத் தம்பிக்கு இரண்டு ஆள் கூலியில் முடிந்த வேலை எங்களுக்கு அப்படி. இடத்துக்கு இடம் வைத்தியம் வேறு.

பங்க் எதிரே:

மன்னிக்கவும், கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன். எல்லாரும் ரோட்டையே குறை சொல்கிறீர்கள். ஹெல்மெட் போடாமல், மூன்று பேர் ஏறி, போன் பேசிக்கொண்டு போகிறவனுக்கு ரோடு என்ன செய்யும்?

எனக்கு நான்குவழிச் சாலை ஓரத்தில் டிபன் கடை. எதிரே மீடியனில் ஒரு இடைவெளி இருந்தது. விபத்து என்று சொல்லிக் கான்கிரீட் கட்டை வைத்து அடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து வண்டி என் கடைக்கு வர ஒன்றரைக் கிலோமீட்டர் போய் யூ-டர்ன் அடிக்க வேண்டும். யார் வருவார்கள்? வியாபாரம் பாதியாகிவிட்டது. சரி, உயிர் போவதை விட வியாபாரம் போகட்டும் என்று மனசைத் தேற்றினால், ஊர்க்காரர்கள் யாரும் யூ-டர்ன் வரை போகவில்லை. ஓரமாக எதிர்த்திசையில் வர ஆரம்பித்தார்கள். மூன்றாம் மாதம் என் கடை வாசலிலேயே நேருக்கு நேர் மோதல். இட்லி மாவுக் குண்டானோடு வந்த என் மாஸ்டருக்குக் கால் உடைந்தது.

சர்வீஸ் ரோட்டைப் போட்டுவிட்டு அடைத்திருந்தால் சரி. அடைப்பதற்குக் கட்டை நான்கு போதும், சர்வீஸ் ரோட்டுக்குப் பணம் வேண்டும். அதனால் அடைப்பு மட்டும் நடந்தது.

கூட்ரோட்டுக்காரன்:

அண்ணே, ரோட்டை விட்டுவிட்டு ஆளைத் திட்டுவதாக ஆரம்பித்துக் கடைசியில் ரோட்டையே திட்டிவிட்டீர்கள் :) உங்கள் மாஸ்டர் எப்படி இருக்கிறார்? கேஸ் பதிவானதா?

பங்க் எதிரே:

இல்லை தம்பி. இரண்டு பேரும் உள்ளூர். பேசி முடித்துவிட்டோம். புத்தூர் கட்டுக்குக் கூட்டிப் போனோம். இப்போது கல்லாவில் உட்கார்கிறார்.

ராத்திரி டூட்டி:

இதைத்தான் சொல்ல வந்தேன். நான் அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் செவிலியர். எங்களிடம் வந்தால் விபத்துப் பதிவேட்டில் எழுதி, காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். பேசி முடித்துக்கொண்டு புத்தூர் கட்டுக்குப் போனவர் எந்த நோட்டிலும் இல்லை. அந்த மாஸ்டரின் கால் கூட்ரோட்டுத் தம்பி சொன்ன அந்த 5-இல் ஒன்றாக இருந்திருக்க வேண்டியது.

பலர் போலீஸ் கேஸுக்குப் பயந்து வருவதில்லை. செலவுக்கும் பயம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' வந்த பிறகு செலவுப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும். 2022-இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் பதிவாயின, நாட்டிலேயே அதிகம். நம் ஆட்கள் மட்டும் மோசமாக ஓட்டுகிறார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை, இங்கே பதிவும் ஓரளவு நடக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படியும் எங்கள் வார்டில் பார்ப்பதற்கும் அந்த எண்ணுக்கும் இடைவெளி உண்டு.

தம்பி மனுவை எடுத்துக்கொண்ட மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் கூட்டத்துக்கும் ஒரு மருத்துவர்தான் காரணம், தெரியுமா? கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கு அது. அதில் 2017 நவம்பர் 30-ஆம் தேதி வந்த தீர்ப்பில்தான் மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று சொன்னார்கள். உடைந்த எலும்பைச் சேர்த்துச் சேர்த்துச் சலித்துப்போயிருப்பார் போல.

விலக்கு அக்கா:

மதுரைக்குத் தெற்கே நாங்கள் இதை விலக்கு என்போம், நீங்கள் கூட்ரோடு என்கிறீர்கள், கோயம்புத்தூர்ப் பக்கம் பிரிவு என்பார்கள். பேர்தான் வேறு, சாவுக்கு ஒரே இடம்.

நான் ஐந்து வருடம் ஊராட்சித் தலைவராக இருந்தேன். எங்கள் விலக்கில் ராத்திரி கும்மிருட்டு. ஆடு ஓட்டிக்கொண்டு போன இரண்டு பேர் அடுத்தடுத்து அடிபட்டார்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு எம்.எல்.ஏ.யிடம் கொடுத்தோம். அவருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி, ஹைமாஸ் லைட் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும். ஏனென்றால் அது தூரத்திலிருந்தே தெரியும், கீழே பேர்ப்பலகையும் வைக்கலாம். பஸ் ஏறுகிறவர்களுக்கு நடைபாதை கேட்டேன், அதற்கு ஒரு பதிலும் இல்லை.

லைட் வந்தது. ஆறு மாதம் பட்டப்பகல் மாதிரி இருந்தது. அப்புறம் கரண்ட் பில். ஊராட்சிக் கணக்கில் வருகிற பணத்தில் குடிதண்ணீர் மோட்டாருக்குக் கட்டவே மூச்சு முட்டும். எட்டு பல்பில் நான்கைப் போட்டோம். ஒன்று பழுதானால் மேலே ஏற ஆளும் கருவியும் வெளியூரிலிருந்து வரவேண்டும். வைக்கிறவருக்கு ஒரு நாள் விழா, பார்த்துக்கொள்கிறவருக்கு மாதாமாதம் செலவு. தம்பி, உங்கள் பிளிங்கருக்குப் பராமரிப்பு யார் என்று எழுத்தில் வாங்கினீர்களா?

கூட்ரோட்டுக்காரன்:

இல்லை அக்கா, வாங்கவில்லை. நீங்கள் கேட்டதும் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். இரண்டு பிளிங்கரில் ஒன்று அணைந்திருக்கிறது. சோலார் தகடு இருக்கிறது, பேட்டரிப் பெட்டி திறந்து கிடக்கிறது, உள்ளே குளவி கூடு கட்டியிருக்கிறது.

படம் எடுத்து, கிலோமீட்டர் கல் எண்ணையும் எழுதி வைத்திருக்கிறேன். அண்டர்பாஸ் மனுவோடு இதையும் வரும் திங்கள்கிழமை கொடுக்கப் போகிறேன். 198-ஏ பிரிவையும் சேர்த்துவிட்டேன், ஐயா. டிபன் கடை அண்ணே, உங்கள் மாஸ்டரைத் தூக்கிவிட்ட ஆட்கள் யாராவது தேதியும் இடமும் சொல்லி எழுதித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். கேஸ் ஆகாவிட்டாலும் உங்கள் மனுவில் இணைத்துக் கொடுக்கலாம்.

பங்க் எதிரே:

கேட்கிறேன் தம்பி. பூக்கடை அம்மாவுக்குத் தேதி ஞாபகம் இருக்கிறதாம். அன்றைக்கு ஆடிக் கிருத்திகை.