நகராட்சித் தலைவராக இருந்தவர் முதலமைச்சரானது எப்படி?

கேள்வி (கொடைக்கானல் வாசகி):
எங்கள் வார்டில் குழாயில் தண்ணீர் வராத நாள்களில், விடியும் முன்னே காலிக் குடங்களோடு பெண்கள் நகர்மன்ற உறுப்பினரின் வாசலில் நிற்கிறார்கள். அவரும் சளைக்காமல் பதில் சொல்கிறார். இத்தகைய ஒருவர் சட்டமன்றம் வரை செல்ல இன்று வழி உண்டா? மலைக்குக் கீழே பெரியகுளத்தில் நகராட்சித் தலைவராக இருந்த ஓ. பன்னீர்செல்வம் அவர்களால் அது எப்படி முடிந்தது?

பதில் 1 (பெருமாள்மலை):
1996 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. வென்றது 4 இடங்கள் மட்டுமே. அதே ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில், அக்கட்சிக்காரரான அவரைப் பெரியகுளம் நகரம் தலைவராக்கியது. அன்று தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்ததால், ஊர் முழுவதும் அவர் பெயருக்கு வாக்கு விழுந்தது. 2001இல் அதே ஊரின் சட்டமன்றத் தொகுதியில் நிற்க அதைவிட வலுவான அடித்தளம் வேறில்லை. 2022இல் முறை வேறு. கொடைக்கானலின் 24 வார்டு உறுப்பினர்கள்தாம் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதால், யாராயினும் தம் வார்டுக்கு வெளியே வாக்குக் கேட்கும் வாய்ப்பே அமையவில்லை. இதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

பதில் 2 (தாண்டிக்குடி):
ஐயா சொல்வது சட்டமன்றம் வரைதான் பொருந்தும். 2001 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஜெயலலிதா பதவி இழந்தபோது, முதல்முறை உறுப்பினராக வருவாய்த் துறையைக் கவனித்துவந்த பன்னீர்செல்வத்தை முதலமைச்சராக்கியது கட்சித் தலைமையின் நம்பிக்கையே. நகராட்சி அனுபவம் அதற்குக் காரணமென்று சொல்ல முடியாது. தொகுதி மறுவரையறையில் பெரியகுளம் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதியானதும், 2011இல் அவர் போடிநாயக்கனூருக்கு மாறினார். ஊர்ச் செல்வாக்கோடு மட்டும் நின்றிருந்தால் அவரது பயணம் அங்கேயே தடைப்பட்டிருக்கும்.

பதில் 3 (பண்ணைக்காடு):
சகோதரி, நம் மலைக்கு இன்னொரு தடையும் உண்டு. கொடைக்கானல் வட்டம் பழனி சட்டமன்றத் தொகுதிக்குள் வருகிறது. வாக்காளர்களில் பெரும்பகுதியினர் அடிவாரத்தில் இருக்கிறார்கள். பேரிஜம் ஏரித் தண்ணீர் பெரியகுளத்துக்கு இறங்குகிறது, ஆனால் இங்குள்ள உறுப்பினரின் பெயர் பழனிக்குக்கூட இறங்குவதில்லை. உங்கள் உறுப்பினருக்கு அந்த எண்ணம் இருக்குமானால், பாலசமுத்திரம், ஆயக்குடி போன்ற அடிவாரப் பேரூராட்சிகளின் பிரச்சினைகளையும் இப்போதே அறிந்துகொண்டு, அங்குள்ள கட்சிக்காரர்களோடு நேரில் பழகத் தொடங்கட்டும்.